ஓடுகிற சாமான்

யூபிஎஸ் அலறியது.

கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி கரண்ட் போனால் மட்டும்தான் அலறும். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சந்திரமதி கையைத் துடைக்காமலேயே கூடத்தைத் தாண்டி அந்தச் சின்ன அறைக்கு ஓடினாள். ஓடும்போதே கவனித்தாள். கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாமி மாடத்தின் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகவே இல்லை.

அவள் குனிந்து பார்த்ததும் சத்தம் நின்றது.

மணி எட்டரை. மலேசியாவில், கூலாய் ஊருக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. காலையில் நெடுஞ்சாலை இரைச்சலைத் தவிர வேறு சத்தம் வராது. அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். வேகமாக அடிக்கவில்லை. ஆறு மாதமாக அப்படித்தான். ஏப்ரலில் கணவன் வீரமுத்து வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து, பயம், அழுகை, பசி எல்லாமே ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தன.

போனில் மகள் ஷர்மினி. சிங்கப்பூரில் வேலை. ஓய்வு நேரத்தில் கூப்பிட்டிருந்தாள்.

"பேட்டரி பழசு லா மா. ஒம்பது வருசத்து சாமான், கத்தத்தான் செய்யும். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டீங்களா?"

"உக்காந்துட்டேன்."

"இண்டர்வியூ மூணு மணிக்கு. அதுக்குள்ள முடிச்சிரணும். நான் சொல்றத மட்டும் அமுக்குங்க. தானா எதையும் அமுக்கி வெச்சிறாதீங்க, அப்புறம் நான் கடல் தாண்டி வரணும்."

பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தில், வீட்டிலிருந்தே பயணிகளின் புகாருக்குப் பதில் சொல்லும் வேலை. செனாய் தொழிற்சாலை வேலையை வீரமுத்து விடச் சொல்லி இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு, அவளே தேடிப் போட்ட முதல் விண்ணப்பம். இரண்டு முறை இண்டர்வியூ வைத்தார்கள். இரண்டு முறையும் கேமரா தொடங்கிய நிமிடமே திரை கறுத்துப்போனது. போன தடவை வந்தபோது ஷர்மினிதான் கண்டுபிடித்தாள். அம்மா எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படம் பிடித்து அப்பாவின் போனுக்கு அனுப்புகிற ஒரு புரோகிராம் உள்ளே இருந்தது. அனுப்ப வேண்டிய போன் இல்லாமல் அது கம்ப்யூட்டரையே நெரித்துக்கொண்டிருந்தது. 'கடைசி வாய்ப்பு, அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, தனியாக இருக்க வேண்டும்' என்று மூன்றாவது மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். தனியாக என்ற சொல்லைச் சந்திரமதி இரண்டு தரம் படித்தாள்.

"ரீசெட்னு இருக்கா? இப்ப ரெண்டு கேக்கும். ஃபைல் எல்லாம் வெச்சுக்கவா, இல்ல எல்லாத்தையும் எடுத்துறவான்னு. ரெண்டாவது."

"அப்பா போட்டோ..."

"நான் எடுத்து வெச்சிட்டேன். மிச்சம் என்ன இருக்கு? உங்கள வேவு பாத்ததுதான் இருக்கு."

அமுக்கினாள். டிரைவையும் துடைக்கவா என்று கேட்டது. அதற்கும் ஆமாம். பிறகு திரும்ப எடுக்க முடியாது, சம்மதமா என்று கேட்டது. அவளை யாரும் இத்தனை முறை சம்மதம் கேட்டதில்லை.

"கரண்ட் மட்டும் போகக்கூடாது. பாதியில நின்னா மெஷின் செத்துரும். மூணு நாலு மணி நேரம் ஆகும், ஆகட்டும். நான் லஞ்ச்ல கூப்புடுறேன்."

திரை நீலமாகி, நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சதவீதம்.

சும்மா இருக்க முடியாமல் ஈரத்துணி எடுத்து வந்தாள். உள்ளே சுத்தமாகும்போது வெளியேயும் சுத்தமாகட்டும் என்று நினைத்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் ஒன்பது சந்தனப் பொட்டுகள் வரிசையாகக் காய்ந்திருந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒன்று. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை வீரமுத்து கட்டைவிரலால் அழுத்தி வைப்பான். மோதிர விரலால் நடுவில் குங்குமம். பிரஸ் மெஷினில் ஒருமுறை நசுங்கி ஆறிய அந்தக் கட்டைவிரலில் குறுக்காக ஒரு பள்ளம் இருந்தது. அதனால் அவன் வைத்த எந்தப் பொட்டிலும் குறுக்கே ஒரு கோடு விழும். வீட்டில் ஓடுகிற எதுவும் அந்தக் கோட்டுக்குத் தப்பியதில்லை. பூஜை போட்டுவிட்டால் மறுநாள் காலை அவன் சொல்லும் வரை எதையும் ஓடவிடக்கூடாது. ஒரு வருடம் அவசரத்துக்கு ஒரு ரவிக்கை தைத்துவிட்டாள். அவன் திட்டவில்லை. தையல் மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது.

தேய்த்ததும் முதல் பொட்டு பொருக்காக உதிர்ந்தது. இரண்டாவதும். ஒன்பதாவது கொஞ்சம் அடம்பிடித்தது, நகத்தால் சுரண்டினாள். துணியை அலசியபோது தண்ணீர் மஞ்சளாகி, பின் கலங்கிய சிவப்பாகி, கழுவுதொட்டியின் துளைக்குள் சுழன்று போனது. அறைக்குத் திரும்பியபோது சந்தன வாசனை. தூசி படிந்த பழைய வாசனை இல்லை. அப்போதுதான் குழைத்த சந்தனம், பன்னீரோடு.

துணியில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு சதவீதம்.

பதினோரு மணிக்கு வெளியே லாரி ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு விஜயன். லாரியின் முகப்பில் மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். கேட்டருகே வந்து நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, உங்களுக்குப் பொரிகடலை எடுத்தாரலாமா கூடாதான்னு வீட்டுல ஒரே சண்ட. அண்ணன் போயி வருசம் திரும்பலல்ல, அதான். ஆனா நீங்களே பூஜை போட்டுட்டீங்க போல."

"என்ன பூஜை?"

"ஆயுத பூஜை லா அக்கா. எந்த உலகத்துல இருக்கீங்க நீங்க?"

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை. அவள் நாட்காட்டி கிழிப்பதையே ஏப்ரலில் நிறுத்தியிருந்தாள்.

"நான் ஒண்ணும் போடலையே தம்பி."

"அப்ப மோட்டர்ல பொட்டு?"

போர்ட்டிக்கோவில் வீரமுத்துவின் மோட்டார் சைக்கிள் ஆறு மாதமாகப் பிளாஸ்டிக் விரிப்புக்குள் கிடந்தது. விரிப்பின் முன்பகுதி மடித்து விடப்பட்டிருந்தது, சட்டைக் கையை மடிப்பது போல, இரண்டு மடிப்பு. விளக்குக்கு மேலே சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"உங்க மரத்து வேப்பில கேட்டு ஆரோ வந்துருப்பாங்க, அவங்க வெச்சிருப்பாங்க," என்றான் விஜயன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பொட்டையே பார்த்தான். "நான் வரேன்க்கா. லோடு இருக்கு. நீங்க இன்னிக்கு மெஷின் ஒண்ணும் ஓட்டாதீங்க, அண்ணனுக்குப் புடிக்காது."

பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

கிட்டே போய்ப் பார்த்தாள். தொட்டாள். ஈரம். குறுக்கே ஒரு கோடு.

அவள் துணியை எடுத்து வந்து துடைத்தாள். விரிப்பை இழுத்து மூடினாள். பயம் வந்திருக்க வேண்டும். எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டு டிவி மாதிரி, கேட்டும் கேட்காமலும் இருந்தது. உள்ளே வந்து கேட்டையும் கதவையும் பூட்டினாள். பின்பக்கம் துணி துவைக்கிற மெஷின் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பக்கூடாது என்று முடிவு செய்தாள். திருப்பினாள்.

மெஷினின் மூடியில் பொட்டு.

போனை எடுத்தாள். ஷர்மினி மெதுவான குரலில் பேசினாள், மீட்டிங்கில் இருப்பவள் மாதிரி.

"யாரும் உள்ள வந்தாங்களா மா?"

"இல்ல."

"அப்ப நீங்கதான் வெச்சிருப்பீங்க. இருபத்து மூணு வருசம் பக்கத்துல நின்னு சந்தனக் கிண்ணம் புடிச்சிருக்கீங்க. கை தானா செஞ்சிருக்கும். துக்கத்துல அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னார்ல? உங்க கைய பாருங்க."

பார்த்தாள். விரல்களெல்லாம் மஞ்சள்.

"சந்தனமா இருக்கு."

"பாத்தீங்களா?"

"தொடச்சேன், அதனால இருக்கும்."

"சரி, ஏதோ ஒண்ணு. கம்ப்யூட்டர மட்டும் நிறுத்திறாதீங்க. எத்தன பர்சண்ட்?"

"நாப்பத்தொண்ணு."

"அது நூறு ஆனதும் அது உங்களோடது. அத மட்டும் நெனைங்க. வெச்சிறவா?"

போனை வைத்த பிறகு தன் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெங்காயம் உரித்து உரித்துத் தேய்ந்த விரல். ரேகை சுழிசுழியாக, எங்கும் அறுபடாமல் இருந்தது. குறுக்கே கோடு இல்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. செம்பனை மட்டைகள் உரசிக்கொள்கிற சத்தம் மழைக்கு முன்பே மழை மாதிரி கேட்டது. இடி விழுந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் சாகும். அவள் அறை வாசலில் நின்றுகொண்டு சதவீதத்தையே பார்த்தாள். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. பின்னால், சமையலறைத் தரையில், ரப்பர் செருப்பு இழுபடுகிற சத்தம் ஒரு தடவை வந்தது. ஒரே ஒரு தடவை. பிரிஜ்ஜின் உறுமல் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

போய்ப் பார்த்தபோது பிரிஜ் கதவில் இருந்தது. அரிசி குக்கரில் இருந்தது.

துடைத்தாள். துடைத்துக்கொண்டே வரிசையை நினைத்துக்கொண்டாள். அவன் எப்போதும் வாசலிலிருந்துதான் தொடங்குவான். மோட்டார் சைக்கிள். துவைக்கிற மெஷின். பிரிஜ். அரிசி குக்கர். தையல் மெஷின். கம்ப்யூட்டர். ஒரு வருடமும் மாற்றியதில்லை. கம்ப்யூட்டரோடு முடியாது. கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சந்தனத்தை வழித்து எடுத்துக்கொண்டு திரும்புவான். வந்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடது கையால் அவள் பின்மண்டையைப் பிடித்து, வலது கட்டைவிரலை அவள் நெற்றியில் அழுத்துவான். தலை பின்னால் போகும் அளவுக்கு அழுத்துவான்.

"இதுவும் ஓடுற சாமான்தானே," என்பான்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியத்தில் பெண்கள் கூடி அவள் பொட்டை அழித்தபோது அவர்கள்தான் அழுதார்கள். அவளுக்கு நெற்றியில் காற்றுப் பட்டது. அது நன்றாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஷர்மினியிடம்கூட.

கூடத்து மூலையில் தையல் மெஷின், மேலே பூப்போட்ட துணி மூடியிருந்தது. துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. துணிக்கு மேலேயே, நடுவில், ஈரம் ஊறி ஒரு மஞ்சள் வட்டம் படர்ந்துகொண்டிருந்தது.

ஒன்றேகாலுக்குக் கம்ப்யூட்டர் தானே அணைந்து தானே எழுந்தது. மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. எந்த நாடு என்று கேட்டது. மலேசியா. எந்தக் கீபோர்டு என்று கேட்டது. அப்புறம் வெள்ளைத் திரையில் கேட்டது: இந்தக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாள். சந்திரமதி.

'வணக்கம், சந்திரமதி' என்று அது சொன்னது. பிறகு நீலத் திரை. ஒரு ஃபைல் இல்லை. ஒரு படம் இல்லை. குப்பைத்தொட்டிகூடக் காலியாக இருந்தது. இந்த நாற்காலியில் அவள் உட்காரும்போதெல்லாம் பின்னால் வீரமுத்துவின் பிளாஸ்டிக் நாற்காலியும் உட்காரும். அதை அவள் மே மாதமே கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டாள். அதன் நான்கு கால் தடங்கள் மட்டும் தரை விரிப்பில் குழியாக இருந்தன. இன்று முதல் முறையாக அந்தக் குழிகளைத் திரும்பிப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். மரத்த ஈறில் மெல்ல உணர்ச்சி திரும்புகிற மாதிரி எதுவோ குறுகுறுத்தது. சந்தோஷமாக இருக்கலாம்.

இண்டர்வியூவுக்கான இணைப்பைத் திறந்து சோதித்தாள். கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுக்கவில்லை. வேலை செய்தது.

இரண்டரைக்கு முகம் கழுவினாள். குளியலறைக் கண்ணாடியில் நெற்றியைத் தேடித்தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஈரமான, வெறும் நெற்றி. நல்ல சுரிதார் ஒன்று போட்டுக்கொண்டாள். வரும்போது தையல் மெஷின் பக்கம் பார்க்கவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவில் இருபத்து மூன்று வருடம் தாழ்ப்பாள் இல்லை. 'ஒரே குடும்பத்துக்குள்ள எதுக்குத் தாப்பா' என்று கல்யாணமான வருடமே வீரமுத்து கழற்றிவிட்டான். போன தடவை ஷர்மினி கடையில் ஒன்று வாங்கி அவளே திருகாணி முடுக்கினாள். கொஞ்சம் கோணலாக இருந்தது. சந்திரமதி அதைத் தள்ளினாள். டக். பக்கத்தில் இருந்த ஜன்னலையும் பார்த்தாள். கம்பி போட்ட ஜன்னல். கொக்கி மாட்டியிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒயர், தூசி, யூபிஎஸ். யாரும் இல்லை.

தனியாக இருந்தாள்.

மணி இரண்டு ஐம்பது. இணைப்பில் நுழைந்தாள். 'இன்னும் பத்து நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவீர்கள்' என்றது திரை.

யூபிஎஸ் அலறியது.

விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. அவள் குனியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அலறல் நீண்டது. பிறகு யாரோ பட்டனை அமுக்கின மாதிரி, பாதியில் நின்றது.

சந்தனம். பன்னீர். அதற்கு அடியில், மெஷின் எண்ணெய்.

கண்ணை மட்டும் கீழே இறக்கினாள். காலையில் அவள் தேய்த்துத் துடைத்த கம்ப்யூட்டர் பெட்டி. கறுப்பாக, பளபளவென்று. நெற்றியில் ஒரு பொட்டு. பெரிய பொட்டு. அழுத்தி வைத்தது. சந்தனம் இன்னும் கீழே வழிந்துகொண்டிருந்தது. குறுக்கே கோடு.

வரிசையில் கம்ப்யூட்டரும் முடிந்தது.

எழுந்து ஓடலாம். தாழ்ப்பாள் இரண்டடி தூரம். எழுந்தால் இண்டர்வியூ போய்விடும். கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தார்கள். எழுந்து எங்கே போவது? கூடம். கூடத்துக்கு அப்புறம் சமையலறை. எல்லாம் அவன் பொட்டு வைத்த வீடு.

உட்கார்ந்திருந்தாள்.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தரை விரிப்பு பின்னால் அமுங்குகிற சத்தம் கேட்டது. மெதுவாக. நான்கு இடத்தில்.

திரும்பவில்லை.

திரை திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண், பின்னால் வெள்ளைச் சுவர். பெயர் பிரேமலா என்று கீழே எழுதியிருந்தது. சிரித்தாள். சந்திரமதியும் சிரித்தாள். எப்போதும் சிரிக்கிற மாதிரி.

"வணக்கம்க்கா. மூணாவது தடவ ஒரு வழியா உங்க முகத்த பாத்துட்டேன். நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதும்மா."

பின்மண்டையில் ஏதோ பட்டது. முடியா, காற்றா. நெற்றியில் ஜில்லென்று இருந்தது. தலை கொஞ்சம் பின்னால் போனது. அவளாகச் சாய்க்கவில்லை. திரையின் மூலையில் அவள் முகம் தெரியும் சின்னச் சதுரம் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. பிரேமலாவின் கண்களை மட்டுமே பார்த்தாள். அந்தக் கண்கள் அவள் முகத்திலிருந்து கொஞ்சம் மேலே போயின. அங்கேயே நின்றன. ஒரு நிமிடம் காத்திருந்தன, மரியாதையாக.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரூம்ல தனியாதான் இருக்கணும்னு மெயில்லயே போட்டிருந்தோம். பொட்டு வெச்சு முடிச்சதும் அவர கொஞ்சம் வெளிய போகச் சொல்றீங்களா?"